ஒரு நாளைக்குப் பதினைந்து குடம்

"நெட் தீர்ந்துவிட்டது, தம்பி" என்று அம்மா அழைத்தபோது காலை மணி ஐந்தே முக்கால். அம்மாவின் ரீசார்ஜில் ஒரு நாளைக்கு 1.5 ஜிபி. நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குப் புதுக் கணக்கு தொடங்கும். அம்மா எழுந்திருப்பது ஐந்து மணிக்கு. நடுவில் இருந்த ஐந்து மணி நேரமும் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்படியென்றால் தீர்த்தது யார்?

இந்தக் கேள்வியை நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது வேறு: "ராத்திரி முழுக்க அப்படி என்னம்மா பார்த்தாய்?"

எதிர்முனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "நான் என்னத்தைப் பார்க்கிறேன்? சீரியல் டிவியில் வருகிறது. போனில் காலையில் சாமி பாட்டு, சாயங்காலம் சிங்கப்பூர்க்காரி. அவ்வளவுதான். என்னைப் போய் ராத்திரி மூன்று மணிக்குப் படம் பார்க்கிறவள் என்று நினைத்துவிட்டாயா?" என்று சொல்லி வைத்துவிட்டாள். சிங்கப்பூர்க்காரி என்பது அக்காவின் மகள். நான்கு வயது. நமக்கு மாலை ஆறு மணி என்றால் அங்கே எட்டரை. தூங்கப் போவதற்கு முன்னால் பாட்டியிடம் முகத்தைக் காட்டிவிட்டுப் போவாள். நெட் இல்லாததால் அந்த வாரம் முழுக்கக் காட்டவில்லை.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் என் வீட்டில் அகலக்கற்றை இணைப்பு இருக்கிறது. வெளியே போனால் 5ஜி. என் திட்டத்தில் அதற்குத் தினசரி வரம்பு கிடையாது. டேட்டாவை எண்ணிச் செலவழிக்கும் பழக்கமே எனக்கு விட்டுப்போயிருந்தது. ஒரு காலத்தில் நானும் எண்ணியவன்தான். 200 எம்பி பேக் போட்டுக்கொண்டு, மின்னஞ்சல் பார்த்ததும் டேட்டாவை அணைத்து, பஸ் டிக்கெட் எடுக்க மறுபடி போட்டு, மறுபடி அணைத்து வாழ்ந்த ஆண்டுகள் உண்டு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து சில மாதங்களுக்கு எல்லாம் இலவசம் என்றது. மற்ற நிறுவனங்களும் விலையை இறக்கின. மாதத்துக்கு ஒரு ஜிபி என்று கஞ்சத்தனம் செய்த நாடு, சீக்கிரமே நாளுக்கு ஒரு ஜிபி என்று பழகிக்கொண்டது. எண்ணுவதை மறந்தவன்தான் எண்ணுகிறவளைக் குற்றம் சொல்வான்.

சனிக்கிழமை மன்னார்குடி பஸ் பிடித்தேன். அங்கிருந்து ஊர் இன்னும் எட்டுக் கிலோமீட்டர்.

அம்மா காபியைக் கொடுத்தாள், போனைக் கொடுக்கவில்லை. கேட்டு வாங்க வேண்டியிருந்தது. முதலில் குறுஞ்செய்திகளைத் திறந்தேன். வங்கி விளம்பரம், நகைக்கடை விளம்பரம், கடன் வேண்டுமா என்ற விசாரிப்பு. இவற்றுக்கு நடுவே, நம்மில் பலரும் படிக்காமலே தள்ளிவிடும் செய்திகள் வரிசையாக இருந்தன. இன்றைய டேட்டாவில் 50 சதவீதம் முடிந்தது: அதிகாலை 2.51. 90 சதவீதம்: 3.32. 100 சதவீதம், இனி வேகம் குறைக்கப்படும்: 3.42. முந்தின நாளும் ஏறக்குறைய அதே நேரம்தான். அதற்கு முந்தின நாளும்.

மனிதர்கள் இவ்வளவு ஒழுங்காக எதையும் செய்வதில்லை. ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு சதவீதம்; பின்னோக்கி எண்ணினால், தினமும் இரண்டு மணிக்கு ஏதோ ஒன்று தானாக எழுந்து வேலையைத் தொடங்குகிறது என்பது அந்த மூன்று நேரங்களைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

ஆண்ட்ராய்டு போன்களில் அமைப்புகளுக்குள் போய், சிம் பக்கத்தைத் திறந்தால், எந்தச் செயலி எவ்வளவு டேட்டா எடுத்தது என்று ஒரு பட்டியல் கிடைக்கும். அதில் ஒரு பெயரைத் தொட்டால் கணக்கு இரண்டாகப் பிரியும். செயலியைத் திறந்து வைத்துப் பயன்படுத்தியபோது போனது ஒன்று. பின்னணியில், நாம் பார்க்காதபோது போனது மற்றொன்று. என்னைக் கேட்டால் அந்தப் போனிலேயே அதிகம் பார்க்க வேண்டிய திரை அதுதான். அம்மாவின் போனில் வாட்ஸ்அப்புக்கு எதிரே 11.2 ஜிபி. திறந்து வைத்துப் பார்த்தது 0.7. பின்னணியில் போனது 10.5. ஏழு ராத்திரி, ராத்திரிக்கு ஒன்றரை ஜிபி. கணக்கு அட்சரம் பிசகாமல் பொருந்தியது.

நடந்தது இதுதான். பத்து நாளுக்கு முன்னால் அம்மாவுக்குப் புதுப் போன் வாங்கினோம். அண்ணன் மகன் பழைய போனில் இருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்றிக் கொடுத்தான். பாட்டியின் படங்கள் இனி தொலையக் கூடாது என்ற அக்கறையில் வாட்ஸ்அப்பில் கூகுள் கணக்குக்குக் காப்புப் பிரதி எடுக்கும் வசதியையும் போட்டுவிட்டான். அது வழக்கமாக வைஃபை கிடைத்தால்தான் ஓடும். அதிகாலை இரண்டு மணிக்கு விழித்து, வைஃபை இல்லையென்றால் மறுபடி படுத்துவிடும். அம்மா வீட்டில் ஏது வைஃபை? பையன் பார்த்தான், மொபைல் டேட்டாவிலும் எடுக்கலாம் என்று ஒரு பொத்தான் இருந்தது, நகர்த்திவிட்டான். காப்பில் வீடியோக்களையும் சேர் என்ற இன்னொரு பொத்தானையும் கூடவே. மொத்தம் 13 ஜிபி. அது ஒவ்வொரு ராத்திரியும் ஒன்றரை ஜிபியாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. காலையில் அம்மா அவசரத்துக்கு ஒரு ஜிபி கூடுதல் பேக் போட்டிருந்தால் அதையும் உறிஞ்சிக்கொண்டு ஏறியிருக்கும். டேட்டா என்றால் கீழே இறங்குவது மட்டும்தான் என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். மேலே ஏறுவதும் அதே கணக்கில்தான் கழிகிறது.

இன்னும் இரண்டு ராத்திரி பொறுத்திருந்தால் தானாகவே முடிந்திருக்கும். நானும் என் பாட்டுக்கு, "நான் சொன்னதும் ராத்திரி பார்ப்பதை நிறுத்திவிட்டாள்" என்று முடிவுகட்டியிருப்பேன். நினைத்தால் உடம்பு கூசுகிறது.

இதை அம்மாவுக்கு விளக்க வேண்டும். ஜிபி, எம்பி என்று தொடங்கினேன். அவள் முகத்தில் ஒரு மரியாதையான சலிப்பு தெரிந்தது. அப்போது வாசல் குழாயில் தண்ணீர் வந்தது. பஞ்சாயத்துத் தண்ணீர் ஒரு மணி நேரம் வரும். அம்மா எழுந்து போய்க் குடத்தை வைத்துவிட்டு வந்தாள். எந்தக் குடம் குடிக்க, எது சமைக்க, எது செடிக்கு என்று அவளுக்கு விரல்நுனியில் கணக்கு. அங்கேயே பாடத்தை மாற்றினேன்.

"ஒரு குடம் 100 எம்பி என்று வைத்துக்கொள். உனக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து குடம்."

"மிச்சம்?"

"மிச்சம் நாளைக்கு வராது. ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கொட்டிவிடுவார்கள்."

"இது என்ன அநியாயம்!" என்றாள். நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை.

குடம் என்ற அளவு வந்தபிறகு மற்றதெல்லாம் சுலபமாகிவிட்டது. சிங்கப்பூர்க்காரியோடு அரைமணி நேர வீடியோ அழைப்பு ஒன்றரைக் குடம். சிக்னலைப் பொறுத்து முன்னே பின்னே இருக்கலாம். முகத்தைக் காட்டாமல் வாட்ஸ்அப்பில் பேச்சு மட்டும் என்றால் ஒரு குடத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் பேசலாம். சாதாரண அழைப்பு இந்தக் கணக்கிலேயே வராது. யூடியூபில் அரைமணி நேரத்தை 720பி தரத்தில் பார்த்து அளந்தேன். மூன்று குடத்துக்கு மேல் போனது. அதையே 360பி-க்கு இறக்கினேன். ஒரு குடமும் கொஞ்சமும். ஆறரை அங்குலத் திரையில், மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டே பார்க்கிற அம்மாவுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கண்ணாடி போட்டிருந்த எனக்கும் பெரிதாகத் தெரியவில்லை. சாமி பாட்டை அவள் போனைக் குப்புறப் போட்டுவிட்டுத்தான் கேட்கிறாள். பாட்டு மட்டும் தருகிற செயலியில், நொடிக்கு 96 கிலோபிட் தரத்தில் கேட்டால் ஒரு மணி நேரத்துக்கு 43 எம்பி. அரைக்குடம்கூட ஆகாது.

இந்தக் கிலோபிட் என்ற சொல்லில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வேகத்தைப் பிட்டில் சொல்கிறார்கள். அளவைப் பைட்டில் சொல்கிறார்கள். எட்டுப் பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். தினசரி அளவு தீர்ந்த பிறகு, "64 கிலோபிட் வேகத்தில் தடையில்லாத இணையம்" என்று விளம்பரத்தின் அடியில் எழுதியிருப்பார்கள். எட்டால் வகுத்தால் நொடிக்கு எட்டுக் கிலோபைட். நல்ல 4ஜி சிக்னலில் நாற்பது நொடியில் நிறைகிற குடம், இந்த வேகத்தில் நிறைய மூன்றரை மணி நேரம் ஆகும். ஒரு எம்பி புகைப்படம் இறங்க இரண்டு நிமிடம். அம்மாவின் சாமி பாட்டு காலையில் சுற்றிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் அதுதான். அந்தச் சொட்டுத் தண்ணீரையும் காப்புப் பிரதி பங்கு கேட்டுக்கொண்டிருந்தது.

எழுத்துக்கு என்ன செலவு என்று அம்மா கேட்டாள். அவள் வாட்ஸ்அப்பில் தமிழில்தான் தட்டுகிறாள். நிதானமாக, ஒற்று விடாமல். எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. யூனிக்கோடு முறையில், இணையத்தில் பெரும்பாலும் புழங்கும் யூடிஎஃப்-8 குறியீட்டில், ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். உயிர்மெய்யில் மெய்க்கு ஒன்று, அதன் கொம்புக்கோ காலுக்கோ இன்னொன்று, புள்ளிக்கு ஒன்று என்று தனித்தனியாக எண்ணப்படும். "சாப்பிட்டாயா" என்பதில் இப்படிப் பன்னிரண்டு குறிகள், 36 பைட். கேள்விக்குறிக்கு ஒரு பைட் சேர்த்தால் 37. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்தான் என்பதால் தமிழுக்கு மூன்று மடங்கு செலவு என்று சிலர் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. குறுஞ்செய்தியில் அந்தக் குறை உண்மையிலேயே வலிக்கும்: ஆங்கிலத்தில் 160 எழுத்து போகும் இடத்தில் தமிழில் 70 குறிதான். ஆனால் டேட்டாவில் அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. அனுப்பும் உறை, முத்திரை எல்லாவற்றுக்கும் கொஞ்சம் தனியாகப் போகும், அதை விட்டுவிட்டு வெறும் எழுத்தை மட்டும் எண்ணினால் ஒரு குடத்தில் 27 லட்சம் தடவை "சாப்பிட்டாயா?" என்று கேட்கலாம். ரோஜாப்பூ மலர்ந்து, சூரியன் உதித்து, பின்னணியில் புல்லாங்குழல் ஒலிக்கிற காலை வணக்க வீடியோ நான்கு எம்பி. அந்த ஒன்றுக்குப் பதில் ஒரு லட்சம் தடவை கேட்டிருக்கலாம்.

"யாரும் கேட்க மாட்டார்களே. ரோஜாப்பூதானே அனுப்புகிறார்கள்" என்றாள் அம்மா.

பிறகு அந்த 13 ஜிபியைத் திறந்தோம். வாட்ஸ்அப்பில் சேமிப்பிடத்தை நிர்வகிக்கும் பக்கம் ஒன்று உண்டு. 5 எம்பிக்கு மேற்பட்டவை என்று ஒரு கட்டு, பலமுறை பகிரப்பட்டவை என்று இன்னொரு கட்டு. இரண்டாவது கட்டைத் திறந்தால் ஊரே உள்ளே இருந்தது. சர்க்கரை நோயைப் பத்து நாளில் விரட்டும் இலை. கடலில் தோன்றிய அதிசயக் கோயில். தட்டச்சில் வந்ததால் மட்டுமே உண்மையாகிவிட்ட வைத்தியக் குறிப்புகள். ஒரே மூலிகை வீடியோ ஆறு குழுக்களிலிருந்து ஆறு தடவை வந்திருந்தது. அம்மா இவற்றில் பத்தில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. பழைய போனில் வீடியோவும் தானாக இறங்கும்படி யாரோ வைத்திருந்தோம். அது ஆண்டுக்கணக்கில் இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஒவ்வொன்றாகக் கேட்டு அழித்தோம். கல்யாண வீடியோக்களில் பாதியை விட்டுக்கொடுத்தாள். சமையல் குறிப்புகளை யோசிக்காமல் அழிக்கச் சொன்னாள்: "எனக்கே சாம்பார் வைக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள்." ஒன்றில் மட்டும் என் கையைத் தட்டிவிட்டாள். எதிர்வீட்டு அத்தையின் பசு கன்று போடுகிற வீடியோ. 38 எம்பி. ஆட்டமும் இருட்டுமாக, பாதி நேரம் யாருடைய முதுகோ மறைக்கிற வீடியோ. கடைசியில் கன்று நான்கு கால்களையும் அகட்டி எழுந்து நிற்க முயன்று விழுந்து, மறுபடி எழுந்து நிற்கும். "இது இருக்கட்டும்" என்றாள். இருந்தது. 13 ஜிபி நான்காகச் சுருங்கியது.

அமைப்புகளில் நான் செய்த வேலை மொத்தம் பத்து நிமிடம்கூட இல்லை. காப்புப் பிரதியை மறுபடி வைஃபைக்கு மட்டும் என்று மாற்றினேன். வீடியோவைக் காப்பிலிருந்து எடுத்தேன். மொபைல் டேட்டாவில் எதுவும் தானாக இறங்க வேண்டாம் என்று வைத்தேன். இனி வீடியோ வந்தால் மங்கலாக ஒரு படமும், அதன்மேல் கீழ்நோக்கிய அம்பும், எத்தனை எம்பி என்ற எண்ணும் தெரியும். வேண்டுமென்றால் தொட்டு இறக்கிக்கொள்ளலாம். என் கணக்கில் முழுப் போனிலும் இதைவிட உபயோகமான மாற்றம் இல்லை. விலை தெரிந்தால் யாரும் யோசித்துத்தான் வாங்குவார்கள். ப்ளே ஸ்டோர் வைஃபையில் மட்டும் புதுப்பிக்கட்டும் என்றேன். யூடியூபில் மொபைல் டேட்டாவுக்குக் குறைந்த தரம். ஆண்ட்ராய்டில் டேட்டா சேவர் என்ற ஒன்றும் உண்டு. போட்டால் செயலிகள் பின்னணியில் டேட்டா எடுப்பதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அதைப் போடுவதானால் வாட்ஸ்அப்புக்கு விலக்குக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பேத்தி அழைப்பது தெரியாமல் போகலாம்.

ராத்திரியில் டேட்டாவை அணைத்துவிட்டுத் தூங்கு என்று எதிர்வீட்டு அத்தை ஏற்கனவே யோசனை சொல்லியிருந்தாராம். தவறில்லை. ஆனால் இரண்டு மணி வேலையை, காலையில் டேட்டா போட்டவுடன் அது தொடங்கியிருக்கக்கூடும். மோட்டார் சுவிட்சை அணைக்காமல் வாய்க்காலை மடக்கி என்ன பயன்?

எனக்கும் ஒரு மோட்டார் கதை உண்டு, அம்மாவிடம் சொல்லவில்லை. 5ஜி வருவதற்கு முன்னால், ரயிலில் போகும்போது ஒரு கட்டுரையை அனுப்புவதற்காகப் போனின் ஹாட்ஸ்பாட்டை மடிக்கணினியோடு இணைத்தேன். கட்டுரை நூறு கிலோபைட்டுக்குள். விழுப்புரம் தாண்டுவதற்குள் இரண்டு ஜிபி காலி. மடிக்கணினிக்கு அது ஏதோ ஒரு வைஃபை, அவ்வளவுதான். அந்த வைஃபைக்குப் பின்னால் ஒரு ஏழையின் தினசரி பேக் இருப்பது அதற்கு எப்படித் தெரியும்? மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட புதுப்பிப்பையெல்லாம் அன்றைக்குத்தான் உட்கார்ந்து இறக்கியது. அந்த இணைப்பில் டேட்டாவுக்கு வரம்பு உண்டு, பெரிய வேலைகளை நிறுத்திவை என்று மடிக்கணினிக்குச் சொல்ல ஒரு தேர்வு இருக்கிறது என்பதை வீட்டுக்கு வந்துதான் கண்டுபிடித்தேன்.

ஐபோன்காரர்களுக்கு ஒரு வரி. மொபைல் டேட்டா பக்கத்தில் "நடப்புக் காலம்" என்று ஓர் எண் இருக்கும். பார்த்துப் பயந்துவிட வேண்டாம். அது மாதா மாதம் தானாக அழிவதில்லை. பக்கத்தின் அடிவரை போய் நீங்களே பூஜ்யமாக்கினால்தான் உண்டு. கடைசியாக எப்போது பூஜ்யமாக்கினீர்களோ அன்றிலிருந்து வந்த கூட்டுத்தொகை அது.

போன் காட்டும் மாதக் கணக்கும் ரீசார்ஜ் கணக்கும் ஒத்துப்போகாது என்பதையும் அம்மாதான் பிடித்தாள். போன் மாதம் என்கிறது; ரீசார்ஜ் 28 நாள் என்கிறது. காலண்டரைக் கொண்டுவந்து எண்ணிவிட்டு, "அப்படியென்றால் வருஷத்துக்குப் பதின்மூன்று தடவை அல்லவா கட்டுகிறேன்?" என்றாள். ஆமாம், 13 தடவை 28, மொத்தம் 364 நாள். இந்தப் புகார் பலரிடமிருந்தும் எழுந்து, 2022-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 30 நாள் செல்லுபடியாகும் திட்டம் ஒன்றையாவது ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. இப்போது இருக்கிறது. விளம்பரத்தில் முன்னால் வந்து நிற்பது என்னவோ 28-தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு அடுத்த அறையில் சாமி பாட்டு தடையில்லாமல் ஓடியது. அரைத்தூக்கத்தில் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். மாலையில் சிங்கப்பூர்க்காரி வந்தாள். முன்பல் ஒன்று ஆடுவதைக் காட்டினாள். ஒன்றரைக் குடத்துக்குப் பதில் மூன்று குடம் ஆயிற்று. ராத்திரி பஸ்ஸில் சென்னைக்குக் கிளம்பிவிட்டேன்.

புதன்கிழமை ராத்திரி பதினொன்றேகாலுக்கு அம்மாவிடமிருந்து அழைப்பு. அந்த நேரத்தில் அவள் விழித்திருப்பதே இல்லை. பதறிப்போய் எடுத்தேன்.

"தம்பி, நாலு குடம் மிச்சம் இருக்கிறது."

"இருக்கட்டுமே அம்மா. தூங்கு."

"பன்னிரண்டு மணிக்குக் கொட்டிவிடுவார்களே. மனசு கேட்கவில்லை. எதற்காவது ஆகுமா என்று பார்க்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

ஐந்து நிமிடம் கழித்து என் போன் ஒரு தடவை அதிர்ந்தது. திரையில் மங்கலாக ஒரு தொழுவம், யாருடைய முதுகோ. நடுவில் கீழ்நோக்கிய அம்பு, பக்கத்தில் 38 எம்பி.